கம்பத்தைச் சுற்றிய கேபிள்

அக்கா,

இன்று காலை மாடியில் நான் முதலில் கவனித்தது கேபிளைத்தான். காலேஜ் புராஜெக்டுக்காக நீ நட்ட ஆன்டெனாக் கம்பத்தை அது இரண்டு சுற்று சுற்றியிருந்தது. உன் தோழிகள் இருவர் லேப்டாப் முன் உட்கார்ந்து, மோட்டாரை ஒரே பக்கமாக ஓட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் பத்து நிமிஷத்துல சாட்டிலைட் வரும்மா. சிக்னல் கெடச்சா இங்கியே இருக்கட்டும். இல்லன்னா கழட்டி எடுத்துக்கினு வரச் சொல்லிட்டாங்க காலேஜ்ல," என்றாள் ஒருத்தி அம்மாவிடம்.

காய்ச்சலில் நீ எங்களை விட்டுப் போய் ஐந்து மாதமாகிறது. துணி காயப்போட வரும்போதெல்லாம் அம்மா அந்தக் கம்பத்தைத் தொட்டுவிட்டுத்தான் இறங்குகிறாள்.

கேபிளைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். குரல் வரவில்லை.

போன வருஷமும் இப்படித்தான். சாட்டிலைட் நகரும் பக்கமெல்லாம் உன் புரோகிராம் ஆன்டெனாவைத் திருப்பும். கேபிள் சுற்றிக்கொண்டால் பார்த்துச் சொல்வது என் வேலை. அன்று உன் வகுப்புப் பையன்கள் நான்கு பேர் நின்றிருந்தார்கள். நான் வாயே திறக்கவில்லை. கேபிள் பிய்ந்தது.

"இன்னாடி, கண்ணு கீது, வாயி எங்க?" என்று கத்தினாய். அவர்கள் சிரித்தார்கள். எல்லோரும் போனபின், அறுந்த முனைக்கு ஈயத்தை உருக்கிச் சோல்டர் வைத்துக்கொண்டே, "கம்ப்யூட்டருக்கு வானம் தெரியும். நம்ம கேபிளு தெரியாது. அதுக்குத்தான் நீ கீற," என்றாய். பத்தாவதோடு நின்றுவிட்ட என்னை நம்பி அதுவரை யாரும் ஒரு வேலையைக் கொடுத்ததில்லை.

இன்று சாட்டிலைட் தெற்கே எழுந்தது. மோட்டார் முனகியது. ஸ்பீக்கரில் சாட்டிலைட்டின் சிக்னல் விட்டுவிட்டு விசிலாகக் கேட்டது. தோழிகள் கைதட்டினார்கள். கேபிள் மூன்றாம் சுற்றுக்கு இறுகி, நீ சோல்டர் வைத்த இடம் விறைத்து நின்றது. நிறுத்தினால் சிக்னல் போய்விடும். நிறுத்தாவிட்டால் கேபிளே போய்விடும்.

"அக்கா, மோட்டார நிறுத்துங்க!" என்று உன் தோழிகளைப் பார்த்துக் கத்தினேன்.

தெருவில் சைக்கிளில் போனவர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

"கேபிளு சுத்திக்கிச்சு! ஸ்கிரீன்ல வர்ற நம்பரப் படிங்க, நான் கையால திருப்பறேன்!"

விசில் நின்றது. கம்பத்தை மோட்டாரோடு பிடித்திருந்த கிளாம்பைத் தளர்த்தி, கம்பத்தைக் கட்டிப்பிடித்து எதிர்ப்பக்கமாகச் சுழற்றி, கேபிளை அவிழ்த்தேன்.

"நூத்தி நாப்பது டிகிரி," என்றாள் லேப்டாப் முன் இருந்தவர்களில் ஒருத்தி.

கம்பத்தின் அடியில் நீ நெயில் பாலிஷால் போட்டு வைத்த டிகிரிக் கோடுகளில் நூற்று நாற்பதைத் தேடிப் பிடித்து, ஆன்டெனாவை அங்கே திருப்பினேன். ஸ்பீக்கரில் விசில் மறுபடியும் கேட்டது.