மாத்திரை தொடாத ரத்தம்

மார்ச் 4
மறுபடியும் மின்சாரம் போனது. ஜெனரேட்டரை ஜாரெட்தான் உதைத்துக் கிளப்பினான். பத்து வருஷமாக என் ஆய்வகத்தில் உதவியாளன். அவனுக்கு மட்டும்தான் அது அடங்கும்.

தட்டில் ஒகெலோவின் ரத்தத்திலிருந்து எடுத்த கிருமிகள் இருக்கின்றன, பெருகவில்லை. நான்கு வயதுப் பையன். எங்கள் சியாயா அரசு ஆஸ்பத்திரியில் தந்த மாத்திரையை அவன் அம்மா முழுதாகக் கொடுத்தும் மலேரியா அவனைக் கொண்டுபோனது. மருந்து தோற்கிறது என்று நைரோபியில் அதிகாரிகளிடம் சொன்னால், "தாய் ஒழுங்காகக் கொடுத்திருக்கமாட்டாள்" என்கிறார்கள். கிருமியை உயிரோடு வளர்த்து மருந்துக்கு அடங்கவில்லை என்று காட்டினால்தான் நம்புவார்களாம்.

மார்ச் 9
செத்துவிட்டன. மனித ரத்தத்தில்தான் இவை வளரும்; ரத்த வங்கி கைவிரித்ததால் என் ரத்தத்தையே எடுத்து ஊற்றினேன். ஓ பாசிட்டிவ், புத்தம் புதுசு. இதுக்கு மேல என்னதான் வேணும் இந்தப் பீடைகளுக்கு?

அவன் கிருமியை உறையவைத்த குப்பிகள் இரண்டுதான் மிச்சம். ஒன்றை உருக்கி, மறுபடியும் என் ரத்தத்தையே ஊற்றினோம்.

மார்ச் 16
அதுவும் போச்சு. எல்லார் முன்னாலும் ஜாரெட்டைத் திட்டினேன். கை கழுவினாயா, குப்பியைத் திறந்து வைத்துவிட்டு அரட்டை அடித்தாயா என்று வாய்க்கு வந்தபடி. "பத்து வருஷமா கழுவுற கை, டாக்டர்" என்று மட்டும் சொன்னான். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுப் போய்விட்டான்.

மார்ச் 17
இருபது வருஷம் படிச்சு என்னத்தக் கிழிச்சேன்?

மார்ச் 19
தங்கை அன்யாங்கோ உகாலிக் களியும் ஓமேனா மீனும் கொண்டுவந்தாள். என் கைப்பையைத் துழாவியவள் காலி மலேரியா மாத்திரை அட்டையை எடுத்தாள். காய்ச்சலா, சொல்லவே இல்லையே என்றாள். இதில் சொல்ல என்ன இருக்கிறது, போன மாதம் ரெண்டு நாள் அடித்தது, மாத்திரை போட்டேன், போய்விட்டது என்றேன். சொல்லும்போதே உறைத்தது.

மலேரியா மருந்து கலந்த ரத்தத்தை ஊற்றி மலேரியாக் கிருமி வளர்த்திருக்கிறேன்! ரத்த அணுக்களை எத்தனை தடவை கழுவினாலும் அந்த மருந்து வாரக்கணக்கில் ஒட்டியிருக்கும். ரத்தம் எடுக்கும்முன் "சமீபத்தில் நோய் உண்டா?" என்று கேட்பது எங்கள் வழக்கம். இல்லை என்று சொன்னதும் நானேதான். இந்த ஊரில் யார் காய்ச்சலை நோய் என்று நினைக்கிறார்கள்?

இன்னொன்றும் உறைக்கிறது. நான் போட்டது கடையில் விற்கும் விலை கூடிய மாத்திரை, ஆய்வகத்தில் எல்லாருமே அதைத்தான் போடுகிறோம். அரசு மாத்திரைக்குச் சாகாத கிருமி இதற்குச் செத்திருக்கிறது. அப்படியென்றால் ஒகெலோவுக்கு இதைக் கொடுத்திருந்தால் — அய்யோ.

மார்ச் 20
ஜாரெட் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். உன் ரத்தம் கொடு என்றும் கேட்டேன். வெட்கம் ஏது எனக்கு.

"நோய் உண்டான்னு கேக்காதீங்க. மாத்திரை முழுங்கினியான்னு கேளுங்க. முழுங்கினேன், போன வாரந்தான்" என்றான்.

ஆய்வகத்தில் எல்லாரையும் அப்படியே கேட்டோம். எல்லாரும் முழுங்கியிருக்கிறார்கள். இங்கே இது மழைக்காலமல்லவா, மலேரியாக் காலம்.

மார்ச் 21
ஒருத்தி இருக்கிறாள். எந்த முகத்தோடு கேட்பேன்?

மார்ச் 23
கேட்டுவிட்டேன். ஒகெலோவின் அம்மா அக்கோத். மகன் போனதிலிருந்து மாத்திரையைத் தொடுவதில்லை, காய்ச்சல் என்றால் வேப்பிலைக் கஷாயம்தான். அவனுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தவள், அப்போது சோதித்ததில் அவளும் ஓ பாசிட்டிவ் என்று தெரியும்.

மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். "என் புள்ளையக் கொன்னதை என் ரத்தத்தை ஊத்தி வளக்கணும்ங்கிற" என்றாள். ஆமாம் என்றேன். வேறு எப்படிச் சொல்வது? அரசு மாத்திரை, கடை மாத்திரை விஷயத்தையும் சொன்னேன். அழவில்லை. உதிர்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு கேட்டாள்: "நான் நேரத்துக்கு மாத்திரை குடுக்கலைன்னு எங்க மாமியார் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறாங்க. ஒரு வேளைகூடத் தவறாம குடுத்தேன், டாக்டர். அதை உன் கிருமி சொல்லுமா?"

பிழைத்தால் சொல்லும் என்றேன். சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

மார்ச் 24
அவள் ரத்தத்தைச் சோதித்தோம், எந்தக் கிருமியும் இல்லை. கடைசிக் குப்பியை ஜாரெட் உருக்கினான். நான் கையே வைக்கவில்லை.

ஏப்ரல் 6
பெருகிவிட்டன. அரசு மருந்தைப் போட்டுப் பார்த்தோம், சாகவில்லை. நைரோபிக்குச் சொல்லியாகிவிட்டது.

மத்தியானம் அக்கோத் வந்தாள், மாமியாரைக் கையோடு கூட்டிக்கொண்டு. நுண்ணோக்கியில் அக்கோத் பார்க்கவில்லை. மாமியாரை அதன் முன்னால் உட்காரவைத்து, "பாருங்க அத்தை" என்றாள்.