கடைசி அத்தியாயத்துக்கு அவசரமில்லை

மார்ச் 3

இன்றும் ஒருத்தர் மாட்டிக்கொண்டார். வாசிக்கும் கண்ணாடி பொருந்துகிறதா என்று பார்க்க, மற்ற கடைகளில் கொட்டாவி வரவைக்கும் ஓர் அட்டையை நீட்டுவார்கள். என் கடையில் நீட்டுவது விக்டோரியா ராணி காலத்து மர்ம நாவல் ஒன்றின் பக்கம். புதிதாக வேலைக்கு வந்த பெண் மெழுகுவர்த்தியோடு, பூட்டிக் கிடக்கும் மேற்கு அறைக்குப் போகிறாள். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுகிறார்கள். அதோடு பக்கம் முடிகிறது.

"எழுத்து தெளிவா இருக்குங்களா?"

"அது கிடக்கட்டும், உள்ள யாருங்க?" என்றார் பஸ் கண்டக்டர். புத்தகத்தின் பெயரை பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

அந்த நாவலை அக்காவும் நானும் பள்ளிக்கூட விடுமுறையில் ஒரே நாற்காலியில் நெருக்கியடித்து உட்கார்ந்து படித்தோம். அவள் முடித்துவிட்டு, பக்கத்தின் ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருப்பாள். "ஆமை, சீக்கிரம்!" என்ன அருமையான மத்தியானங்கள். இனி அப்படி வருமா?

மார்ச் 9

மேற்கு அறைப் பக்கத்தின் மேல் டீயைக் கொட்டிவிட்டேன். மாடியில் இருக்கும் பல் டாக்டரம்மா — நோயாளி வாயைப் பிளந்து காத்திருக்க, அத்தியாயத்தை முடித்துவிட்டு வருகிறவர் — தன்னிடம் உள்ள அதே காலத்து நாவல் ஒன்றிலிருந்து ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுத்துத் தந்தார். ஒரு வக்கீல், கிணற்றில் ஒரு கையுறை.

"நீங்க இன்னும் படிக்கலையா? கொடுத்து வெச்சவர்," என்றார். புதுப் பக்கத்தை அட்டையில் ஒட்டிவிட்டேன்.

மார்ச் 12

அக்கா கடைக்கு வந்தாள். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், தனியாக இருக்கிறாள். "கண்ணாடி மங்கலாயிடுச்சுடா, வேற போடு."

புதுக் கண்ணாடியை மாட்டி அட்டையைக் கொடுத்தேன். கடகடவென்று வாசித்தாள். மெழுகுவர்த்தி, படிக்கட்டு, மேற்கு அறை. மூச்சுச் சத்தம் வந்ததும் பழையபடி குரலைத் தாழ்த்தினாள். எனக்கு ஒரே சந்தோஷம். முடித்த பிறகுதான் உறைத்தது.

அவள் கையில் இருந்தது வக்கீல் பக்கம்.

"எவ்வளவு நாளாக்கா?" என்றேன்.

முதலில் மழுப்பினாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்தாள். "படிக்க முடியலைடா. யார்கிட்ட போய்ச் சொல்றது?"

என்கிட்ட சொல்லக் கூடாதா? கண்ணாடிக் கடை வெச்சிருக்கிற தம்பிகிட்டயே மறைக்கிறதா? கோபம் கோபமா வருது. யார் மேலன்னுதான் தெரியலை.

மார்ச் 16

கண் டாக்டர் பார்த்துவிட்டார். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவிட்டதாம். ஓரங்களில் தெரியும், எழுத்து தெரியாது. எந்தக் கண்ணாடியும் உதவாது.

மார்ச் 18

அக்கா வீட்டுக்குப் போய் மேற்கு அறை நாவலை வாசித்துக் காட்டினேன். இரண்டு பக்கத்திலேயே நிறுத்தச் சொல்லிவிட்டாள்.

"மனப்பாடமா இருக்கிறதை எதுக்குடா வாசிக்கிறே?"

"வேற கொண்டு வரேன்."

"நீ படிச்சதா இருந்தா வேணாம். கொலைகாரன் கதைக்குள்ள வந்தாலே உன் குரல் ஒரு மாதிரி இழுக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். டாக்டரைப் பார்த்து வந்த பிறகு முதல் சிரிப்பு.

மார்ச் 19

வக்கீல் நாவலை டாக்டரம்மாவிடம் இரவல் வாங்கினேன். "இதுல யாருன்னா—" என்று ஆரம்பித்தார். காதைப் பொத்திக்கொண்டு படியிறங்கி ஓடிவந்தேன்.

ஏப்ரல் 6

கடையை மூடியதும் தினமும் அக்கா வீடுதான். கொலை செய்தது தோட்டக்காரன் என்கிறேன் நான். வக்கீலின் தங்கை என்கிறாள் அவள். போகும்போதெல்லாம் இதே சண்டை. அந்தப் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது, என்ன, இப்போது இரண்டு பேரும் அதில் கொள்ள மாட்டோம்.

ஏப்ரல் 21

கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. பக்கத்தைப் புரட்டினேன். "இன்னிக்கு வேணாம்டா," என்றாள். சோறு தண்ணி இல்லாமல் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள், அவளா இப்படி!

ஏப்ரல் 22

இன்றும் வேண்டாமாம். தலைவலியாம்.

ஏப்ரல் 24

விடாமல் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "இது முடிஞ்சுட்டா அப்புறம் உனக்கு இங்க என்ன வேலை?"

ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். காபி போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன், மடையன்.

ஏப்ரல் 25

டாக்டரம்மாவிடம் நான் படிக்காத மர்ம நாவல்களில் இருப்பதிலேயே தடியானதைக் கேட்டேன்.

"கதை எப்படி இருக்கணும்?"

"தடியா இருந்தாப் போதுங்க."

அக்காவின் மடியில் வைத்தேன். இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். பக்கங்களின் ஓரத்தை விரலால் தடவினாள்.

"உன் வேகத்துக்கு இதை முடிக்க அடுத்த வருஷம் ஆகும்டா."

"ஆகட்டும்."

புத்தகத்தை மடியிலேயே வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டு, "சரி, அந்தக் கடைசி அத்தியாயத்தை வாசி," என்றாள்.