உப்புக்கரிக்கும் மருந்தும் உன் அம்மாவும்

தொண்டி,
12-7-1963

அன்பு மகள் நூர் நிஷாவுக்கு அத்தா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். கொழும்பில் நீயும் மாப்பிள்ளை கபீரும் பேரன் சதக்கும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். இங்கு எல்லோரும் நல்ல சுகம் என்று எழுதச் சொல்லி உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், எழுதிவிட்டேன். இப்போது அடுப்படிக்குப் போய்விட்டாள், இனி உள்ளதை எழுதுகிறேன். பதறாமல் படி, பதற வேண்டிய கட்டம் தாண்டிவிட்டது.

உன் அம்மாவுக்குக் கால் வீங்கி, இரத்தக் கொதிப்பும் இருந்ததால் ராமநாதபுரத்துப் பெரிய டாக்டரிடம் காட்டினோம் அல்லவா, அவர் நீர் பிரிய மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்க வேண்டும், கருவாடு ஊறுகாய் பக்கமே போகக்கூடாது என்று சொல்லியிருந்தார். அந்த மாத்திரை நீரோடு சேர்த்து உடம்பிலுள்ள பொட்டாசியத்தையும் வெளியேற்றிவிடுமாம், அது குறைந்தால் கை கால் விளங்காதாம், அதனால் வாழைப்பழம், இளநீர், முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் நிறையச் சாப்பிடச் சொல்லி, போதாததற்கு ஒரு பொட்டாசிய மருந்தும் புட்டியில் கொடுத்தார். கருவாட்டை விட்டதற்கு உன் அம்மா வீட்டில் மையத்து விழுந்தது போல் துக்கத்தில் இருந்தாள், ஆனாலும் விட்டாள். வாழைப்பழம் சளி பிடிக்கும் என்று பாதியை ஆட்டுக்குக் கொடுத்தாள், ஆடு நன்றாகத் தேறிவிட்டது. கீரையை வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டினாள், சத்து முழுதும் அதில்தான் போகும் என்று எனக்கும் அப்போது தெரியாது. மருந்து மட்டும் ஒழுங்காகக் குறைந்துகொண்டே வந்தது, நானும் குடிக்கிறாள் என்று நிம்மதியாக இருந்தேன்.

போன மாதம் ஒருநாள் ளுஹர் தொழுகையில் ஸஜ்தாவுக்கு நெற்றியைத் தரையில் வைத்தவள் எழுந்திருக்கவில்லை. காலு என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது, இங்கன வாங்களேன் என்று மெதுவாகக் கூப்பிட்டாள். நான் பயந்துபோனேன் மகளே, வாடகைக் கார் பிடித்து டாக்டரிடம் போய்ச் சேரும்வரை என் உடம்பில் உயிர் இல்லை. அவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, அந்தப் புட்டி மருந்தைச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். உன் அம்மா எப்படிச் சொன்னாள் தெரியுமா, பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளை மாதிரி, நீங்கதானே உப்பு ஆகாதுன்னு சொன்னீக, அந்த மருந்து கடத்தண்ணி கணக்கா கரிச்சுச்சு, அதான் ஒரு சொட்டுக்கூடத் தொண்டையில எறக்கல, தினமும் அளந்து முருங்கை மரத்து மூட்டுல ஊத்திப்புட்டேன் என்றாள். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, அம்மா, நீங்கள் விட வேண்டிய உப்பு வேறு, இது வேறு, இன்னும் கொஞ்சநாள் போயிருந்தால் இதயமே தடுமாறியிருக்கும் என்றார்.

அதற்கெல்லாம் கலங்காதவள், அடுத்து அவர் சொன்னதற்குத்தான் கலங்கினாள். ஒரு மாதம் கழித்துப் பார்ப்பேன், காலில் தெம்பு வந்திருந்தால்தான் கப்பலேற விடுவேன் என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அழுதாள். தலைப்பிரசவத்துக்கு நீ இங்கே வந்தாய், இந்தப் பிரசவத்துக்கு நான் வாரேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தவள் அல்லவா. எம்மக வலியெடுத்து அம்மான்னு கத்துறப்ப நான் இங்கன உக்காந்து ஆட்டுக்குக் கொழை போடவா என்று கேட்டாள்.

இப்போது மருந்தைத் தண்ணீரில் கலந்து சாப்பாட்டுக்குப் பின் குடிக்கிறாள். குடிக்கும்போது அவள் முகத்தை நீ பார்க்க வேண்டும், பார்த்தால் சிரிப்பிலேயே பிரசவம் சீக்கிரம் ஆகிவிடும். முதல் நாள் குடித்துவிட்டு, அதான் உப்பு உள்ள போயிருச்சே, ஒரு துண்டு நெத்திலிக் கருவாடு கடிச்சுக்கிறவா என்று கேட்டாள், புட்டியை அவள் தலையில் போடாத குறை. ஆட்டுக்கு இப்போது பழத்தோல் மட்டும்தான். உனக்கும் இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்று எழுதியிருந்தாய், பழமும் இளநீரும் சாப்பிடு, அங்குள்ள டாக்டரம்மாவிடம் காட்டு. அம்மா குடிக்கிறாள் என்று நீயாக இந்த மருந்தை வாங்கிக் குடித்துவிடாதே, அது கூடினாலும் ஆபத்தாம்.

இன்று அஸர் தொழுகையில் உன் அம்மா சுவரைப் பிடிக்காமல் எழுந்தாள். எழுந்தவள் ஓரக்கண்ணால் என்னைத்தான் பார்த்தாள், நான் பார்க்காதவன் போல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன், துடைக்கவும் வேண்டியிருந்தது. நாளை மறுநாள் டாக்டரிடம் போகிறோம்.

இவ்வளவு எழுதும்போது வந்து நின்று படித்துக் காட்டச் சொன்னாள். இங்கு எல்லோரும் நல்ல சுகம் என்று படித்தேன். இம்புட்டு எழுதியும் அம்புட்டுத்தானா என்று சந்தேகமாகப் பார்த்துவிட்டு, அம்மா வரப் பாக்குறான்னு எழுதாதீக, வாரான்னு எழுதுங்க என்றாள்.

அம்மா வருகிறாள்.

அல்லாஹ் உனக்குச் சுகப்பிரசவத்தையும் நீண்ட ஆயுளையும் தருவானாக. மறந்துவிடாதே, அவள் பெட்டியில் மாப்பிள்ளைக்கு என்று ஒரு பொட்டலம் கருவாடு இருக்கும், இறங்கியவுடன் வாங்கி ஒளித்து வைத்துவிடு.

உன் பிரியமுள்ள அத்தா,
மு. சுஐபு