நல்ல எண்ணெய்

நவம்பர் 30, ஞாயிறு

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

இத்தாலியில் நான் பதினொரு வருடம் இருந்த கிராமத்திலிருந்து, பக்கத்து வீட்டு மரியா இந்த வருடத்து முதல் ஒலிவ் எண்ணெயை அனுப்பியிருந்தாள். போத்தலில் லேபல் இல்லை. அங்கே அதைச் சுட்ட பாண் துண்டுகளில் ஊற்றி, எல்லாரும் ஒரே மேசையில் இருந்து தின்பார்கள். வெளிநாட்டுக்காரனான என்னை அந்த மேசைக்குக் கூப்பிட ஆறு வருடம் எடுத்தது.

இங்கேயும் எல்லாரும் சேர்ந்து தின்னலாம் என்று, திறக்காமலே போன கிழமை ஹரோவில் இருக்கும் அக்காவிடம் கொடுத்தேன். "நல்ல எண்ணெய் அக்கா, கவனமா வையுங்கோ" என்றேன்.

இன்று பாணோடு போனால் போத்தல் காலி.

"நல்லெண்ணெய் எண்டு நீதானே தந்தனி? சாமி விளக்குக்கு ஊத்தினன். மிச்சத்தைத் தலைக்கு வைச்சு முழுகினன். புல்லு மணம் மணக்குது, கலப்படம் போல."

"நல்ல எண்ணெய் எண்டனான்! நல்லெண்ணெய் எண்டு ஆர் சொன்னது?" என்று கத்திவிட்டேன்.

அத்தான் சிரித்தார். "உவனுக்கு இத்தாலிக் கொழுப்பு இன்னும் கரையேல்லை."

பாணை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது மரியா கேட்டு எழுதியிருக்கிறாள்: இந்த வருடத்து எண்ணெய் எப்படி இருக்கிறது?

நன்றாக எரிந்தது என்று எழுதவா?