அவ ரூமுக்கு எந்த நீலம்

ஆடி 28, செவ்வாய், ராத்திரி.

ஆடிக்குக் கூட்டியாந்த மக ஞாயித்துக்கிழமை கொடுமுடிக்கு, புருசன் ஊட்டுக்குத் திரும்பணும். இன்னிக்கு அவ ரூம் செவுத்துல பெயிண்டர் ரெண்டு நீலம் தடவிக் காட்டினாரு. லைட் ப்ளூவே போதும்னேன். அவ ரொம்ப நேரம் நின்னு பாத்துப்போட்டு, "டார்க்கே அடிங்கண்ணா. வருசக்கணக்கா வெளுக்காம இருக்கணுங்க"ன்னா.

"போற புள்ளைக்கு எதுக்கம்மணி இத்தனை ஆராய்ச்சி?"ன்னு எரிஞ்சு விழுந்துபோட்டேன்.

பெயிண்டர் கெளம்பறப்ப மெதுவா கேட்டா. "தெரிஞ்ச ஆசாரி இருந்தா நாளைக்கே வரச் சொல்லுங்கண்ணா. கதவுக்கு உள்பக்கம் கனமா ஒரு தாழ்ப்பாள் போடணுங்க."

அந்த ரூமுக்குத் தாழ்ப்பாளே இருந்ததில்ல. கல்யாணத்துக்கு முந்தி அவ கேட்டதுமில்ல.