சுனிதாவுக்குப் புதுநன்மை இல்லை

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையிலேயே அனல். மாதா கோயில் ஷெட்டில் ஃபேன் ஓடவில்லை. புதுநன்மை வகுப்பு, முதன்முறை நற்கருணை வாங்கப்போகிற பிள்ளைகளுக்கு. பதினொரு பிள்ளைகள், ஒரே சாக்பீஸ். இன்று ஏழு திருவருட்சாதனங்கள். நோயில்பூசுதல், நோயாளிக்கு எண்ணெய் பூசுவது என்றதும் ஒருவன், "தைலமா டீச்சர்?" சிரித்துவிட்டேன்.

பிறகு அருளப்பன் வந்தார். மறைக்கல்விப் பொறுப்பாளர். சிப்காட்டில் லேபர் கான்ட்ராக்டர். ஒவ்வொருவராக எழுப்பி ஜெபம் கேட்டார். சுனிதா பரலோக மந்திரத்தை இந்தியில் சொன்னாள். ஜார்க்கண்ட் பிள்ளை. அப்பா இரும்பு ஆலையில், இவருடைய ஆள்தான்.

"இன்னாமா இது? தமிழ்ல சொல்லத் தெரியாதவளுக்கு இன்னா புதுநன்மை?"

"சாமிக்கு இந்தி தெரியும் சார்."

"எதுத்துப் பேசாதீங்க டீச்சர். அடுத்த ஞாயிறு நானே டெஸ்ட் வைக்கிறேன்."

பிள்ளைகள் எதிரிலேயே! மனுஷனா. அவர் பேத்தி ஜெனிபரும் இதே வகுப்புதான்.

ஏப்ரல் 30, புதன்

ரேஷன். காஸ் புக் பண்ண வேண்டும். சாயங்காலம் சுனிதா வீடு. தகரக் கூரை, உலை மாதிரி. அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ. வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தேன். 'அனுதின உணவை' மட்டும் நாக்கில் புரளவில்லை. விடவில்லையே அவள். "டீச்சர், இன்னொரு தடவை."

மே 4, ஞாயிறு

டெஸ்ட். தமிழில் முழுசாகச் சொன்னாள், தடங்கலே இல்லை. அவர் முகம் சுண்டிப்போயிற்று. உடனே, "ஏழு திருவருட்சாதனம் சொல்லு." ஆறு சொன்னாள்.

"ஒண்ணு வுட்டுட்ட. அடுத்த வருஷம் பாப்போம்."

ஜெனிபர் நாலோடு நின்றாள். "கொழந்த பயந்துக்கினா. பாஸ்."

கத்திவிட்டேன். "உங்க பேத்திக்கு ஒரு சட்டம், இவளுக்கு ஒண்ணா?" என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "எங்கிட்ட வேலை செய்றவன் பொண்ணு என் பேத்தி பக்கத்துல நிக்கணுமா? நாளைக்கு அவன் என்னை மதிப்பானா?"

வாயைத் திறந்து சொல்லியேவிட்டான்.

மே 5, திங்கள்

ஃபாதரிடம் போனேன். "அவர் கோயிலுக்கு நிறைய செய்றவரும்மா. ஒரு வருஷம்தானே." ஒரு வருஷம்தானாம். அந்தப் பணம் இவர் வாய்க்குப் பூட்டு.

சுனிதா அம்மாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். "சண்டை வேணாம் டீச்சர். சுனிதா அப்பாவுக்கு வேலை இருக்கணும்." திட்டியிருக்கலாம் என்னை.

தலைவலி. சோறு வேண்டியிருக்கவில்லை.

மே 11, ஞாயிறு

புதுநன்மைப் பூசை. பந்தல், டிரம்ஸ், வீடியோக்காரன். கடைசி வரிசையில் நான், பக்கத்தில் சுனிதா, அவள் அம்மா. சமாதான வாழ்த்து நேரம். அருளப்பன் எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டே வந்து என் எதிரில் நின்றான். கூப்பிய கை. சிரிப்பு வேறு.

மனசில் பகையோடு நன்மை வாங்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். பதிலுக்குக் கும்பிட்டால் பொய். கும்பிடவில்லை.

பத்துப் பிள்ளைகளும் வரிசையாகப் போய் வாங்கினார்கள். பிறகு பெரியவர்கள்.

"டீச்சர், நீங்க போகல?" சுனிதா.

"போகல."

எனக்கு வழிவிட மடக்கியிருந்த காலை மறுபடி நீட்டிக்கொண்டாள்.