டாக்டர் கேட்டது என்னை

என் அன்புத் தொந்தரவே,

நேரில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இன்று டாக்டர் என்னைப் பார்த்து, "சாப்பிட முடியுதாம்மா?" என்று கேட்டார். "நல்லா சாப்பிடறா டாக்டர், முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவலை" என்றீர்கள். தூக்கம், அழுகை, எல்லாவற்றுக்கும் நீங்களே பதில். நோய் எனக்கா, உங்களுக்கா? கடைசியில் அவரே உங்களை வெளியே உட்காரச் சொன்னார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனீர்கள்.

அதன்பிறகுதான் உண்மையைச் சொன்னேன். மாத்திரை ஆரம்பித்த பின் குளிக்க முடிகிறது, சமைக்க முடிகிறது. ஆனால் காலையில் கண் திறந்ததும் 'ஏன்தான் விழித்தோமோ' என்று இன்னமும் தோன்றுகிறது. உங்கள் முன்னால் இதை எப்படிச் சொல்வேன்? நான் லேசாகச் சிரித்தாலே சாமிக்குக் கும்பிடு போடுகிற ஆள் நீங்கள். டாக்டர் பதறவில்லை. மருந்தின் அளவை மாற்றினார். வாரம் ஒருமுறை பேச ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். அந்த எண்ணம் முற்றினால் உடனே கூப்பிடச் சொன்னார்.

வெளியே வந்தால், முன்பின் தெரியாத ஒருவரிடம் நீங்கள், "லிஃப்ட் ரிப்பேர் பண்றப்பகூட வேலையில மனசு நிக்கல சார், வீட்ல அவ தனியா இருக்காளேன்னு" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிட்டீர்கள். இதை என்னிடம் சொன்னால் என்னவாம்?

நோயாளிகளின் வீட்டாருக்கென்று ஆஸ்பத்திரியில் சனிக்கிழமை ஒரு கூட்டம் நடக்கிறதாம். உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். "எனக்கெதுக்கு" என்று ஆரம்பிக்காதீர்கள். துணைக்கு நானும் வருவேன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே நீங்கள்தான் பேச வேண்டும்.

கோபத்தோடும் பிரியத்தோடும்,
உங்கள் வீட்டுக்காரி